கழற்றி வைத்த கதவு

டீச்சரம்மா,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ. உள்ரூமுக்குக் கதவு இருக்காது. பதறாதே, திருடன் வரல. நீ ஸ்கூலுக்குப் போனதும் நான்தான் கழட்டிச் சுவரோரமா சாய்ச்சு வெச்சேன்.

நீ என் உளியால பெயின்ட் டப்பாவை நெம்பினது தப்புதான். இதை எழுதும்போதும் வயிறு எரியுது. பத்து வருஷமாப் பொத்திப் பொத்தி வெச்சிருந்த உளி!

சரி, விடு. அதுக்காக நேத்து நான் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். கத்திட்டு, கதவைப் படார்னு சாத்திக்கிட்டு உள்ள உட்கார்ந்துட்டேன். நீ வந்து கூப்பிடுவியான்னு காத்திருந்தேன். நீ கூப்பிடல. தனியா சாப்பிட்டுட்டு ஒரே ஒரு தட்டைக் கழுவி வெச்சே. அந்தச் சத்தம் இன்னும் காதுலயே நிக்குது. ஊரெல்லாம் கதவு மாட்டுற ஆசாரி, சொந்த வீட்டுக் கதவைத் திறந்து வெளிய வர முடியாம உட்கார்ந்திருந்தேன்.

உன் அண்ணன் அஞ்சு மணிக்கு வர்றாராம். கதவு எங்கேன்னு கேட்டா, ரிப்பேர்னு சொல்லு. ரிப்பேர் எதுக்குன்னு மட்டும் சொல்லிடாதே.

பின்குறிப்பு: டீ டம்ளர்ல கீல் ஸ்க்ரூ இருக்கு, கொட்டிடாதே.

இன்னொண்ணு: மேல ரெண்டு இடத்துல எழுதிட்டு அடிச்சிருக்கேன் பாரு, அது "மன்னிச்சிடு". சீட்டுல எழுதினா ஒளிஞ்சுக்கிட்டுச் சொல்ற மாதிரி இருக்கு. நேர்ல சொல்றேன்.

கதவை எப்ப மாட்டணும்னு நீயே சொல்லு. அதுவரைக்கும் எனக்குக் கோவம் வந்தா, உன் முன்னாடிதான் நிக்கணும்.