திருகுத் துளையில் விட்ட எண்ணெய்

எண்ணெய் விட்டது நான், மேடம். வளையத்தை நீங்கள் சரியாகக் கழுவவில்லை என்று பழியை உங்கள் மேல் போட்டதும் நான். நீங்கள் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இன்று காலை உங்கள் வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் பட்டறைக்கு வந்தார். கல்லூரியில் வேறொருவர் உங்கள் ஆராய்ச்சியைத் தொடரப் போகிறாராம். நான் உங்களுக்குக் கடைந்து கொடுத்த அதே ஸ்டீல் வளையம் மறுபடி வேண்டுமாம். பழைய வரைபடத்தை மேசையில் விரித்தார். ஓரத்தில் சிவப்பு மையில் உங்கள் கையெழுத்து: "எண்ணெய் கூடவே கூடாது அண்ணாச்சி." அவர் சிரித்தார். என்னால் தாளைத் தொட முடியவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ராஜபாளையத்து நூல் மில்லில் எடுபிடியாகச் சேர்ந்து, லேத் வேலையை நானாகக் கற்றவன். கல்லூரிக்காரர்கள் என்றாலே எனக்கு ஒரு முறைப்பு. நீங்கள் முதல்முறை வந்தபோதும் அப்படித்தான் பேசினேன்.

"தண்ணிக்குள்ள எலக்ட்ரானை விட்டுப் பாக்கவா இம்புட்டு அலைச்சல்?"

"தண்ணியில கதிர் பட்டதும் முதல்ல எது உடையுது, எது சேருதுன்னு இன்னும் முழுசாத் தெரியல அண்ணாச்சி. கண்ணிமைக்கிற நேரத்தை லட்சம் கோடிக் கூறு போட்டா ஒரு கூறு, அதுக்குள்ள நடந்து முடிஞ்சிரும். எலக்ட்ரான் துடிப்பும் அம்புட்டுக் குறுகலா இருந்தாத்தான் பாக்க முடியும்."

"வளையம் எதுக்கு?"

"ஒரு மெல்லிய தகட்டைப் பிடிச்சு நிறுத்த. துடிப்பு அதைக் கடக்கையில டெராஹெர்ட்ஸ்னு ஒரு ஒளி கிளம்பும், கண்ணுக்குத் தெரியாது. எங்க ஊரு தேர் மாதிரி. ஆளாளுக்கு இழுத்தா நகராது, ஒரே மூச்சில இழுக்கணும். எலக்ட்ரானெல்லாம் நெருங்கி ஒண்ணா வந்தாத்தான் ஒளி பலமா வரும். அதை வச்சுத் துடிப்பு எம்புட்டுக் குறுகல்னு கண்டுக்கலாம்."

எனக்குப் புரிந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

முதல் வளையம் நன்றாக உழைத்தது. நீங்கள் எழுதிய கட்டுரையின் கடைசியில் "உள்ளூர்ப் பட்டறை ஒன்றுக்கு நன்றி" என்று இருந்தது. என் பெயர் இல்லை. அந்தக் கோபம் இன்றும் போகவில்லை. போய்விட்டதாக உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

நெடுநாள் காத்திருந்தபின், வடக்கே எலக்ட்ரான் கருவி இருக்கும் ஆய்வுக்கூடத்தில் உங்கள் சோதனைக்கு ஐந்து நாள் கொடுத்தார்கள். இரண்டாவது வளையத்தை என் பட்டறையில் நீங்களே கழுவி, கையுறை போட்டுக் காயவைத்தீர்கள். திருகுகளைப் பூட்டிக் கட்டிவைக்க மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். எண்ணெய் காட்டாத பாகம் பட்டறை வாசலைத் தாண்டாது என்பது மில்லில் எங்கள் முறை. ஸ்டீல் துளையில் ஸ்டீல் திருகை உலர்வாக முறுக்கினால் கடித்துக்கொள்ளும், பிறகு கழற்ற வராது. அது இன்றும் உண்மைதான். இவங்களுக்கு என்ன தெரியும் என்று துளைக்கு ஒரு சொட்டு விட்டேன்.

காற்றை உறிஞ்சியெடுத்த குழாய்க்குள் அந்த எண்ணெய் ஆவியாகி, எலக்ட்ரான் புறப்படும் தகட்டில் படிந்தது. துடிப்பு செத்தது. உங்களுக்குப் பின்னால் காத்திருந்தவர்களின் நாட்களும் போயின. அங்கிருந்து எனக்குப் போன் போட்டீர்கள்.

"அண்ணாச்சி, உள்ள எண்ணெய் இருக்குன்னு கருவி காட்டுது. நீங்க எதுவும் விட்டீங்களா?"

"நான் விடுவனா? கழுவுனது நீங்க. படிச்சவியகிட்ட நான் என்ன சொல்ல?"

"சரி அண்ணாச்சி. நான்தான் அவசரத்துல விட்டிருப்பேன்."

அப்படியே ஆய்வுக்கூடத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தீர்கள். அதன்பின் எத்தனை தடவை கேட்டும் அவர்கள் நாள் தரவில்லை. நீங்கள் படுக்கையில் விழுந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உங்கள் வீட்டுக்கு ஆரஞ்சு வாங்கிவந்தேன். "ஒழுங்காக் கழுவியிருந்தா இந்நேரம் பாத்து முடிச்சிருப்பேன் அண்ணாச்சி" என்றீர்கள். நான் தலையைக் குனிந்து தோலை உரித்துக்கொண்டிருந்தேன். அந்த உரித்த நேரம்தான் இன்னும் என்னோடு இருக்கிறது.

இனி நடக்க வேண்டியது இது. எண்ணெய் விட்டது நான்தான் என்று கையெழுத்துப் போட்டு அந்த ஆய்வுக்கூடத்துக்கு நான் எழுத வேண்டும். அங்குள்ள பொறுப்பாளர் அதை உங்கள் மன்னிப்புக் கடிதத்தின் மேலேயே வைக்க வேண்டும். கல்லூரியில் தொடரப் போகிறவர், எண்ணெய் இல்லாமல் திருகு கடிக்காதிருக்க என்ன வழி என்று எனக்குச் சொல்லியாக வேண்டும். வெறுமனே கூடாது என்றால் கேட்க மாட்டேன். உங்கள் வீட்டுக்காரருக்குக் கடிதம் போதாது. ஞாயிற்றுக்கிழமை நான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அவர் வாய்க்கு வந்தபடி என்னை ஏச வேண்டும். அவர் ஏசி முடிக்கும்வரை நான் ஒரு பதிலும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.