கழிப்பறைக்குப் போகும் படிகள்

அண்ணே,

நேற்று மத்தியானம் அன்னவாசலில் ஏறிய ஒரு பெரியவர், முன்சீட்டில் உட்கார்ந்ததும் தைல பாட்டிலைத் திறந்து முழங்காலில் தேய்க்க ஆரம்பித்தார். வண்டி முழுக்க உங்கள் வாசனை. காலில் தைலம் தேய்க்காமல் நீங்கள் ஸ்டியரிங்கைத் தொட்டதே கிடையாதே. டிக்கெட் மெஷினோடு நடுவழியில் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு நிறுத்தத்தில் விசில் அடிக்க மறந்துபோனதில், இறங்க வேண்டிய அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏப்பா கண்டக்டரு, விசில வாயில வச்சுக்கிட்டே கனாக் காண்றியா? எம்புட்டுத் தூரம் நடப்பேன் நான்?" உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் சொல்லவா முடியும்? உங்களிடம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

கந்தர்வக்கோட்டை ரூட்டில் பல வருடம் நீங்கள் ஓட்டுநர், நான் நடத்துநர். நான் சில்லறைக்காக யாரிடமாவது மல்லுக்கு நின்றால், கண்ணாடியில் பார்த்து, "தம்பி, ஒன் கல்யாணத்துக்கு மொய் வைக்கப் போற ஆளு, பாத்துப் பேசு" என்பீர்கள். சண்டை போட்டவரும் சிரித்துவிடுவார். முந்திரிக்காட்டு வளைவில் அந்த லாரி தடம் மாறி எதிரே வந்த அன்றும் ஏதோ கிண்டல்தான் செய்துகொண்டிருந்தீர்கள். வண்டியை ஒடித்துத் திருப்பினீர்கள். பயணிகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. உங்கள் பக்கம் மட்டும் நசுங்கியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும், "இல்லாத காலு வலிக்குதுப்பா, தைலத்த எங்கிட்டுத் தேய்க்க?" என்று கேட்டீர்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் வராந்தாவுக்கு ஓடிப்போனேன்.

செயற்கைக் காலோடு கம்பு ஊன்றிப் பணிமனைக்கு நீங்கள் வந்த அன்று, கிளை மேலாளர் எழுந்து நின்றார். ஆள் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமே. "பாவம், இனிமே எதுக்குங்க ஒங்களுக்கு அலைச்சல்? விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா வீட்ல இருங்க" என்று காகிதத்தைத் தள்ளினார்.

"இதுல விருப்பம் யாரோடது சார்?" என்று கேட்டீர்கள். "எனக்கு விருப்பமும் இல்ல, ஓய்வும் வேணாம். வேலை குடுங்க."

"கால் இல்லாத டிரைவர வச்சு நான் என்னங்க பண்ண?"

"கை இருக்குல்ல சார். ஸ்டோர்ல போடுங்க. டைம் ஆபீஸ்ல போடுங்க."

அவர் காகிதத்தை இன்னும் கொஞ்சம் தள்ளினார். சங்கத்துக்காரர்கூட, "வர்றத வாங்கிட்டுப் போங்கண்ணே" என்றுதான் சொன்னார். நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. சம்பளத்தை நிறுத்தினார்கள், அப்போதும் போடவில்லை. உங்கள் ஊரைச் சொல்லி, பெருமாநாட்டுக்காரருக்குப் பிடிவாதம் அதிகம் என்று பணிமனையில் பேசிக்கொண்டார்கள்.

ஆவூர்ப் பக்கத்து வக்கீலம்மாதான் நமக்கு வழி காட்டினார். வேலையில் இருக்கும்போது ஊனமானவரை வேலையைவிட்டு அனுப்பக் கூடாது, பதவியையும் குறைக்கக் கூடாது; பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும்; அதுவும் இல்லையென்றால் தோதான இடம் கிடைக்கும்வரையோ ஓய்வு வயது வரையோ ஓர் இடத்தை உண்டாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டத்தைப் படித்துச் சொன்னார். "இன்னொரு தரம் படிங்கம்மா" என்றீர்கள். படித்தார். "இம்புட்டு நாளா இது எங்கிட்டு இருந்துச்சு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டீர்கள். சர்க்கரை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று, சங்கத்துக்காரர் சொன்னதையே சட்டம் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் நாம்.

வழக்கில் ஜெயித்தீர்கள். பணிமனைக்கே மிட்டாய் கொடுத்தீர்கள். அவர்களும் தீர்ப்பை மீறவில்லை. பழைய டயர்கள் கிடக்கும் ஷெட்டில் ஒரு நாற்காலியைப் போட்டு, அங்கே உட்காரச் சொன்னார்கள். வேலை எதுவும் தரவில்லை. காலையில் கையெழுத்து, சாயங்காலம் கையெழுத்து, நடுவில் தகரக் கூரை. "காலு போனாலும் யோகக்காரன்யா, ஒக்காந்து சம்பளம் வாங்குறான்" என்று உங்கள் காதுபடவே சொன்னவர்களை எனக்குத் தெரியும். அவர்களோடுதான் இன்றும் டீ குடிக்கிறேன்.

வேலை இல்லாததைக்கூடப் பொறுத்துக்கொண்டீர்கள். ஆனால் கழிப்பறை பின்பக்கம், ஜல்லி கொட்டிய மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதற்குக் கைப்பிடி இல்லாத உயரமான படிகள். ஒருமுறை அதில் விழுந்தீர்கள். இரண்டு பேர் தூக்கி உட்கார வைத்தார்கள். வேட்டி நனைந்திருந்தது. அதற்குப் பிறகு நீங்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டீர்கள்.

படிகளுக்குப் பதில் ஒரு சாய்தளம் கேட்டு மனுக் கொடுத்தீர்கள். நானும் போய்க் கேட்டேன். "எஸ்டிமேட் மேல போயிருக்கு" என்றார்கள். ஒவ்வொரு முறையும் அது மேலேயேதான் போயிருந்தது. சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே நீங்கள் உதடு வெடித்து உட்கார்ந்திருந்தீர்கள். தண்ணீர் பாட்டிலை நீட்டினால், "வேணாம்ப்பா, குடிச்சா போகணும்" என்பீர்கள். தூக்கிப் போகிறேன் என்றேன். "ஒருநா தூக்குவ. தெனமுமா தூக்குவ? நான் கேக்குறது ஆள் இல்ல தம்பி, ரெண்டு மூட்ட சிமிட்டி" என்றீர்கள்.

சிறுநீரில் கிருமி வந்து சிறுநீரகம் வரை போய்விட்டது. சர்க்கரை வேறு இருந்தது, மளமளவென்று முற்றிவிட்டது. அரசு மருத்துவமனையில் உங்களுக்குத் தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுத்தார்கள். "இப்ப குடிக்கலாம்னா இவங்க விட மாட்டேங்கிறாங்க, பாத்தியா" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடி பிறப்பதற்குள் போய்விட்டீர்கள். மாலை வாங்கிக்கொண்டு எல்லோரும் வந்தார்கள், மேலாளரும் வந்தார். "பாவம், நல்ல மனுசன்" என்றார். அவர் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். உங்கள் மனைவி பார்த்துக்கொண்டிருந்ததால் சும்மா இருந்தேன். உங்களைச் சாகடித்தது கால் போனது இல்லை அண்ணே. அந்தப் படிகள்தான். இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

இப்போது அந்தச் சாய்தளம் வந்துவிட்டது. மேலிடத்திலிருந்து யாரோ பார்வையிட வருகிறார்கள் என்று ஒரே வாரத்தில் பூசி, கைப்பிடிக்கு மஞ்சள் பெயின்டும் அடித்துவிட்டார்கள். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனதும், நம் ஆட்கள் அதன்மேல் டூவீலர்களை ஏற்றி நிறுத்தத் தொடங்கினார்கள். நிழலான இடமாம். நான் காலையில் வண்டி எடுக்கும் முன் போய், ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டுத்தான் டூட்டிக்குப் போகிறேன். எனக்குக் கிறுக்கு என்கிறார்கள், சொல்லட்டும்.

இன்றைக்குக் காலையில், புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவன் தன் வண்டியை நான் நகர்த்துவதைப் பார்த்து ஓடிவந்தான். நல்ல பையன், நன்றாக ஓட்டுவான், உங்கள் பழைய ரூட்டில்தான் போகிறான்.

"அவருதான் போய்ச் சேந்துட்டாருல்லண்ணே. இனிமே யாருக்கு இது?" என்று கேட்டான்.

"ஒனக்குத்தான்டா" என்றேன். "எடு வண்டிய."