பகல் கஞ்சி

தாராவி, பம்பாய்
1944, ரமலான் பிறை ஐந்து

கொழும்பில் இருக்கும் என் அருமை மகள் சாயிராவுக்கு வாப்பா ஷாகுல் ஹமீது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியும் குறைவில்லாமல் இருக்க துஆச் செய்கிறேன். இங்கே நானும் சுகம் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன், உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்த வரியை அப்படியே எழுதிவிட மனம் வரவில்லை. பாதி சுகம் என்று வைத்துக்கொள்.

உன் கடிதம் நேற்று மழையில் நனைந்து வந்து சேர்ந்தது. நாலு மாதம் என்று படித்ததும் அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன், கேட்கத்தான் பக்கத்தில் யாரும் இல்லை. அதற்கு அடுத்த வரிகளைப் படித்ததும் சந்தோஷம் போய்விட்டது. நெஞ்செரிச்சல், புளித்த வாந்தி, எழுந்தால் தலைசுற்றல், இத்தனையோடும் ஒரு நோன்பும் விடப்போவதில்லை, வயிற்று வலியோடு வாப்பாவே நோன்பு பிடிக்கும்போது வயசுப் பிள்ளை நான் விடலாமா என்று எழுதியிருக்கிறாய். பெற்றவன் பெருமைப்பட வேண்டிய பேச்சுதான், என்னால் பெருமைப்பட முடியவில்லை. மகளே, வாப்பா இந்த வருஷம் ஒரு நோன்பும் பிடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், இதைப் படித்து முடிக்கும்வரை வேறு வேலை எதையும் பார்க்காதே.

மழை தொடங்கிய நாளிலிருந்தே எனக்கு வயிறு சரியில்லை. முதலில் ரேஷன் கோதுமையின் மேல்தான் பழியைப் போட்டேன். அரிசியைக் குறைத்துக் கோதுமையைக் கொடுத்தபோது நம் வரிசை வீடுகளில் ஒருவருக்கும் ரொட்டி தட்டத் தெரியாது, அரிசி மாதிரியே உலையில் போட்டுப் பொங்கி மீன் குழம்பை ஊற்றித் தின்றோம். மறுநாள் பார்த்தால் வரிசை முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, கடையில் ஓமம் தீர்ந்துபோயிற்று. மற்றவர்களுக்கு ஓமத்தண்ணீரிலும் சுக்கு வெந்நீரிலும் கேட்டுவிட்டது, எனக்கு மட்டும் எரிச்சல் போகவில்லை. வயிறு காலியானால் நெஞ்சுக்குக் கீழே நெருப்புத் துண்டை வைத்த மாதிரி இருக்கும். மாதுங்காவில் சுந்தரராமன் டாக்டரிடம் போனேன். வயிற்றில் புண், வேளைக்கு வேளை கொஞ்சமாக ஏதாவது உள்ளே போகவேண்டும், பட்டினி கிடந்தால் இரத்தமாக வாந்தி வரும் என்று கண்டித்துச் சொல்லி ஒரு வெள்ளைப் பொடியும் கொடுத்தார். நோன்பு வருகிறதே என்று நம் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன், அவர் என்னைவிட டாக்டர் பக்கம்தான் பேசினார். தீராத நோய்க்காரனுக்கு விலக்கு உண்டு, விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடு என்றார். அதைத் தவறாமல் செய்துவருகிறேன்.

மார்க்கம் விட்டாலும் மனசு விடவேண்டுமே. பட்டறையில் தோல் வெட்டுகிறவர்கள், வார் தைக்கிறவர்கள் எல்லாரும் நோன்பு, அவர்கள் முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூச்சம். முதல் பிறையன்று பகலில் வீட்டுக்கு வந்து, கதவைத் தாழ்போட்டு, சன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, இருட்டில் உட்கார்ந்து கஞ்சி காய்ச்சிக் குடித்தேன். என் ரேஷன் அரிசியை நானே திருடித் தின்கிற மாதிரி இருந்தது. புகைக்குப் போக வழியில்லாமல் இருமல் வந்தது, வாயில் துண்டை வைத்து அடக்கினேன். நீ போன பிறகு அடுத்த அறைக்கு வெயிலுமுத்து என்று நம் ஊர்ப்பக்கத்து ஆள் குடிவந்திருக்கிறார், அவர் பெண்சாதி ஆறுமுகத்தாய் பகலில் தாழ்போட்ட கதவையும் இடுக்கில் வந்த புகையையும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஏ அண்ணாச்சி, என்ன செய்யுது, கதவத் தொறங்க" என்று போட்ட சத்தத்தில் வரிசையே கூடிவிட்டது. கதவைத் திறந்தால் என் தாடியில் கஞ்சி. அந்தப் பெண் ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான், உடனே திரும்பி, "ஒண்ணுமில்ல, அடுப்பு பொகஞ்சிருக்கு, போய் அவரவர் சோலியப் பாருங்க" என்று எல்லாரையும் விரட்டினாள். மறுநாள் என் வாசலில் ஒரு சின்ன ஓலைக் கொட்டானில் மணத்தக்காளி வற்றல் இருந்தது. வயிற்றுப் புண்ணுக்கு நல்லது, வறுத்துக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பினாள்.

முதல் பிறையன்று சாயங்காலம் பள்ளிவாசலுக்குப் போனேன். எத்தனை வருஷப் பழக்கம், கால் தானாகப் போகிறது. வரிசையில் உட்கார்ந்தேன், கோப்பையில் கஞ்சியும் ஊற்றிவிட்டார்கள். பாங்கு சொன்னதும் எல்லாரும் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார்கள், பகலெல்லாம் காய்ந்துபோன முகங்களில் அப்போது ஒரு குளிர்ச்சி வரும் பார், அது என் முகத்தில் எப்படி வரும். கோப்பையைத் தொடாமல் எழுந்து தொழப் போய்விட்டேன். அதற்குப் பிறகு மஃரிபை வீட்டிலேயே தொழுதேன். வெளியே மழை, உள்ளே நான், பள்ளிவாசல் பக்கமிருந்து சட்டியும் கரண்டியும் உரசுகிற சத்தம். உன் உம்மா மவுத்தாகி நம்மை விட்டுப்போன வருஷம்கூட எனக்கு இருபுறமும் ஆள் இருந்தது சாயிரா. இந்தத் தாராவியில் இவ்வளவு தனியாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

நேற்று சாயங்காலம் அபுதாஹிர் தூக்குச் சட்டியோடு வந்தான், பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிறானே அவன்தான். நோன்பில்லாதவனுக்கு எதற்கப்பா என்று கேட்டேன். "தெரியும் மாமா, அன்னைக்கே ஒங்க வாசல் கூட்டத்துல நின்னு தாடியில பாத்துட்டேன், கஞ்சி காய்ச்சுதவன்கிட்ட கஞ்சிய மறைக்க முடியுமா, இதுல வெந்தயமும் பூண்டும் இஞ்சியும் போடுததே வயித்துக்காகத்தான, வயிறு கெட்டவன் குடிக்கக்கூடாதுன்னு எந்தக் கிதாபுல இருக்கு" என்று சொல்லிச் சட்டியை வைத்துவிட்டுப் போனான். அரிசி பற்றாமல் பாதிக்குக் கோதுமைக் குருணை போட்ட கஞ்சிதான், ஆனாலும் தேங்காய்ப்பாலோடு வயிற்றுக்கு இதமாக இருந்தது. குடித்தேன். சட்டியைக் கழுவிக் கவிழ்த்த பிறகு அறை மறுபடியும் பழையபடி ஆகிவிட்டது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நோய்க்காரனைப் போலவே வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் விலக்கு உண்டு என்று ஹஜ்ரத்திடம் காலையில் போய்க் கேட்டுக்கொண்டு வந்துதான் எழுதுகிறேன். விட்ட நோன்பைப் பிள்ளை பெற்று உடம்பு தேறிய பிறகு பிடித்துக்கொள்ளலாம், நோன்பு எங்கும் ஓடிப்போகாது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தேத்தண்ணீர் குடிக்காதே, முதலில் ஒரு பிடி பொரியை மெதுவாக மென்று தின்னு, உன்னைச் சுமந்தபோது உன் உம்மாவுக்கு அதுதான் கேட்டது. ஒரேயடியாக வயிறு முட்டச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, சாப்பிட்ட கையோடு படுக்காதே. சீரகம் கொதித்த தண்ணீரை ஆறவைத்து அவ்வப்போது ஒரு மடக்கு குடி. நீர்மோர் நல்லது, புளித்த மோர் வேண்டாம். புளியும் மிளகாயும் கொஞ்ச நாளைக்குக் குறையட்டும், உன் நாக்கு எனக்குத் தெரியும், ஆனாலும் குறையட்டும். மலம் கட்டினால் உலர்ந்த திராட்சையை ஊறவைத்துத் தின்னு, பேதிக்கென்று யார் விளக்கெண்ணெயை நீட்டினாலும் வாங்காதே, இந்த நேரத்தில் அது ஆகாது. இஞ்சி ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம். தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தாலோ மயக்கம் வந்தாலோ கை வைத்தியத்தை மூட்டை கட்டிவிட்டு மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போ.

மாமி வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை, பார்க்கிற பார்வைதான் என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதத்தை அவர்களுக்கு முன்னால் உரக்கப் படி. தாழ்போட்டதையும் தாடியில் கஞ்சி இருந்ததையும் விடாமல் படி. சம்பந்தி வீட்டில் என் மானம் போனால் போகட்டும், போன தடவை மாதிரி பிள்ளை கைநழுவிப் போகவேண்டாம். அன்றைக்குத் தந்தி வந்தபோது உன் பக்கத்தில் வந்து உட்கார முடியாமல் நான் இங்கே பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

ஒளிந்து சாப்பிடுவது எவ்வளவு கசக்கும் என்று ஐந்து நாளில் பார்த்துவிட்டேன், அது உனக்கு வேண்டாம். அதனால் ஒன்று செய்வோம். நடுப்பகல் லுஹர் தொழுததும் நீ அங்கே ஒரு கோப்பை கஞ்சியோடு உட்கார், நான் இங்கே ஒரு கோப்பையோடு உட்காருகிறேன். இரண்டு பேர் சேர்ந்து குடித்தால் அது திருட்டுக் கஞ்சி ஆகாது. நான் இன்றைக்கே ஆரம்பித்துவிடுகிறேன், தெருவைப் பார்க்க அல்ல, வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன், ஆனால் தாழ் போடமாட்டேன். கடிதம் வந்து சேரச் சுணங்கும், அதுவரை தனியாகத்தான் குடித்துக்கொண்டிருப்பேன். கைக்குக் கிடைத்த அன்றைக்கே நீயும் வந்து உட்கார்ந்துவிடு.

அல்லாஹ் உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் பத்திரமாக இரண்டாக்கித் தருவானாக. மாப்பிள்ளைக்கும் மாமிக்கும் என் சலாம். மறந்துவிடாதே மகளே, லுஹர் தொழுத உடனே. நீ முதல் வாய் குடித்தாய் என்று நினைத்தால்தான் எனக்கு இங்கே கஞ்சி தொண்டையில் இறங்கும்.

உன் வாப்பா,
ஷாகுல் ஹமீது