தக்காளிக்குப் போட்ட மீன் தலை

அன்புள்ள அம்மாவுக்கு,

பேசாலையில் நீங்களும் அப்பாவும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனை நீங்கள் வாங்கி வைத்ததால் என் கோழிக்கிறுக்கலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கொக்குவிலில் நான் நல்ல சுகம். ரோல்ஸையும் சோடாவையும் விட்டுப் பதினெட்டு நாள். வீட்டுக்காரப் பூரணம் அன்ரி தந்த மூலையில் ஆறு தக்காளிக் கன்று நட்டிருக்கிறேன். படிக்க உட்கார்ந்தால் கால் தானாக அங்கே போகிறது. என் உடற்பயிற்சி அதுதான்.

சின்ன விஷயம் ஒன்று, பயப்படாதீர்கள். இலைகள் மஞ்சளாகின. அப்பா முருங்கைக்குச் செய்வதுபோல மீன் தலைகளை வாங்கிவந்து உரமாகப் புதைத்தேன். நல்லூர்த் திருவிழா முடியும்வரை இந்த வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சமைப்பதில்லை. நான் சமைக்கவில்லையே! ஆனால் பூனை ஒரு தலையைத் தோண்டிச் சாமியறை வாசலில் போட்டுவிட்டது.

“பகிடிக்கெண்டு செய்தனியோ?”

“இல்லை அன்ரி, பசளை.”

“சீனிப் போத்தலுக்கை உப்புப் போட்டதும் பசளையோ? திருவிழா முடிஞ்சவுடனை வேறை இடம் பார்.”

உப்பு நான் முன்பு விளையாட்டுக்குச் செய்த பகிடிதான், அம்மா; இது இல்லை. வீடு முழுக்கக் கழுவினேன். இன்று காலை, கொண்டுபோவதற்காகக் கன்றுகளைப் பிடுங்கப் போனேன். அன்ரி தடுத்தா.

“உதுகள் நிக்கட்டும். நீ போனாலும் நான் தண்ணி ஊத்துவன்.”

அம்மா, உங்கள் பழைய சீலை இரண்டு அனுப்புங்கள். ஒன்று கன்றுகளுக்கு நிழல் கட்ட, மற்றது எனக்குப் போர்க்க. அன்ரியோடும் ஒருக்கால் கதையுங்கள். நான் சொன்னால் பகிடி என்கிறா. ஒரு கன்று பூத்திருக்கிறது. அது காய்க்கும்வரையாவது என்னை இருக்க விடட்டும்.

வகுப்புக்கு நேரமாகிறது, ஓடுகிறேன்.

உங்கள்
ஷெரோன்