தண்ணீருக்கு ஏது பாட்டன்

அல்மாத்தி,
செவ்வாய்க்கிழமை

தங்கை தொல்கனாய்க்கு அண்ணன் எர்கெபுலான் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். நீ நலமாக இருக்க வழியில்லை என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

"கம்மலைக் கழட்டிட்டேன்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிட்டாய். எனவே இதை, நீ இருக்கும் அக்தாவுக்கு வரும் ரயிலில் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

உனக்கு நிச்சயம் செய்த மிராஸும் நாமும் ஒரே தந்தைவழி என்று அப்பாவுக்குப் போன டிஎன்ஏ முடிவு செல்லாது. பொய் என்று சொல்லவில்லை, செல்லாது என்கிறேன். இரண்டும் ஒன்றல்ல.

மிராஸின் தாத்தா பஞ்சத்தில் அநாதை விடுதியில் வளர்ந்தவர். அப்பன் பேரே தெரியாதவரின் பேரன் ஏழு பாட்டன் பேரை எப்படி ஒப்பிப்பான்? ஏழு தலைமுறைக்குள் பங்காளி என்றால் கல்யாணம் இல்லை. அதில் அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் லேபில் டிஎன்ஏ பார்த்துவிடலாம் என்று சொன்னதே நான்தான். நம் வீட்டுக்காக என் எச்சிலையே கொடுத்தேன்.

மிராஸ் கொடுத்த லட்சணம் வேறு. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், வாயில் பாதி மென்ற பவுர்சாக் பணியாரத்தோடு, பஞ்சுக் குச்சியைக் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்துக் கொடுத்தான். அதில் டிஎன்ஏ எவ்வளவு தேறும்? என்னோடு வேலை பார்க்கும் சாபிர் மூன்று தடவை அளந்தான். மூன்றும் மூன்று திசைக்குப் போயின. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அவனோ மூன்றையும் கூட்டி வகுத்து ஒரு எண்ணை எழுதிக்கொண்டு மேலே போனான். ஒரு கால் அடுப்பிலும் ஒரு கால் பனியிலும் இருந்தால் சராசரியில் சுகமாக இருக்கிறது என்று சொல்கிற ஆள் அவன். ஒப்பிட்ட படம் வந்ததும், தலைமை அதிகாரி கையெழுத்துப் போடும்வரை பொறுக்காமல், அப்பாவுக்கு அனுப்பியவன் நான்.

ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீர் மட்டும் உள்ள குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டுவோம். அதில் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் எங்கேயோ அழுக்கு கலந்திருக்கிறது என்று பொருள். திங்கள் காலை எங்கள் தலைமை அதிகாரி குல்யாஷ் அபாய் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "தண்ணிக்கும் உனக்கும் ஒரே பாட்டனாமேடா. போ, இனி தண்ணியவும் நீ கட்டிக்க முடியாது" என்றார். லேபே சிரித்தது.

தண்ணீரில் இருந்தது என் டிஎன்ஏ. மிராஸின் குச்சி இருந்த உறையைப் பிரித்தபோது நான் முகமூடி போடவில்லை. "என் மச்சினன் எச்சில், மரியாதையாத் தொடு" என்று சாபிரிடம் வாயடித்துக்கொண்டிருந்தேன். அவனுடையது சொற்பமாக இருந்த குழாயில் என்னுடையது ஏறி உட்கார்ந்திருக்கலாம். அப்படியானால் நீங்கள் பார்த்தது என்னையும் என்னையும் ஒப்பிட்ட படம்.

அப்பாவிடம் சொன்னேன். "ஒருவாட்டி சொன்னது செல்லாதுன்னா மறுவாட்டி சொல்றது மட்டும் எப்பிடிடா செல்லும்?" என்றார். சரியான கேள்வி. அதனால் இந்தத் தடவை மிராஸிடமும், நம் பக்கத்துக்கு அப்பாவிடமும் அபாயே மாதிரி எடுத்தார். பாதி இங்கே, பாதி அஸ்தானாவில் வேறொரு லேபில். குழாயில் பேர் இல்லை, எண் மட்டும். இரண்டு இடமும் ஒன்றே சொன்னால்தான் முடிவு. கேட்டுவிட்டு அப்பா பஞ்சுக் குச்சிக்கு வாயைத் திறந்தார். என்னை அந்த அறைக்குள்ளேயே விடுவதில்லை.

மிராஸ் வாயை நான்கு தடவை கொப்பளித்துவிட்டு வந்தான். "அதுவும் அப்பிடியே வந்துட்டா இன்னொருவாட்டி பாக்கலாமா மச்சான்?" என்றான். முடியாது என்றேன். பிடித்த பதில் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்தால் அதற்குப் பேர் சோதனை இல்லை. தண்ணீரில் எதுவும் இல்லாமல், இரண்டு இடமும் ஒத்துப்போய், நீங்கள் பங்காளிகள்தான் என்று வந்தால், அது நிஜம். மிராஸின் தாத்தாவான அந்த அநாதைப் பையன் நம் வீட்டுப் பையனாகவே இருந்திருக்கலாம். அதையும் நினைத்து வைத்துக்கொள்.

அடுத்த வாரம் இதே ரயிலுக்கு முன் தெரிந்துவிடும். போனில் சொல்ல மாட்டோம். பங்காளி என்றால் நான் வருவேன். இல்லையென்றால் அவன் வருவான். ஸ்டேஷனுக்கு வா. யார் இறங்கினாலும் திட்டாதே. அம்மா கொடுத்தனுப்பும் குதிரைக்கறியைக் கெடுவதற்குள் சாப்பிடு. நிச்சயத்தன்று அவன் அம்மா உன் காதில் போட்ட கம்மலை அதுவரை மறுபடி மாட்டிக்கொள்.

அவனை டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன். நான் இன்னும் எடுக்கவில்லை. இதை முடிவு என்று எடுத்துக்கொள்ளாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
எர்கெபுலான்