வெட்டச் சொன்ன இடம்

இன்று காலை கலையகத்து அலுமாரியை ஒதுக்கும்போது உமது மைக்கின் பஞ்சு உறை கையில் அகப்பட்டது. மஞ்சளாக இருந்தது, இப்போது மண் நிறம். முகர்ந்து பார்த்தேன். சூடு மிதித்து நெல் பிரித்த வயலின் தூசி மணம் இன்னும் போகவில்லை. "செத்தும் என்னைச் சும்மா விடமாட்டீரோ?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டு, கதிரையில் அமர்ந்து அழுதேன். பக்கத்து அறையில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் சத்தம் போடாமல் அழுதேன்.

நீர் கடைசியாகச் சொன்ன ஒன்றைச் செய்ய எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கொழும்பில் நாடாளுமன்றமும் பத்திரிகையாளர் மாநாடுகளும் என்று திரிந்து, வரவு செலவுத் திட்டத்தை நேரலையில் பிரித்துச் சொல்லிப் பெயர் எடுத்த ஆள் நீர். கிளிநொச்சிக்கு வந்து எங்கள் சின்ன வானொலியில் ஞாயிறு காலை அரசியல் பொருளாதாரம் பேசப் போகிறீர் என்றபோது, "இந்தாளுக்கு விசரோ?" என்றுதான் நினைத்தேன். ஒலி தொகுக்கிறவள் நான். எனக்கு வேலை கூடுகிற எரிச்சல் வேறு. முதல் கிழமையே மோட்டார் சைக்கிளில் துணுக்காய்ச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனீர். பணவீக்கத்தைப் பற்றி ஒரு மரக்கறிக்காரியிடம் கேட்டீர். "அது என்ன கோதாரியோ தெரியாது தம்பி. முந்தி முழுத் தேங்காய் வாங்கினவை இப்ப பாதித் தேங்காய் கேக்கினம்," என்றார் அவர். நிகழ்ச்சியை அந்தப் பாதித் தேங்காயில்தான் தொடங்கினீர்.

பேசி முடிந்ததும் நீர் செய்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஹெட்போனை அவர் காதில் மாட்டி, பதிந்ததை முழுக்கத் திருப்பிப் போட்டுக் காட்டினீர். "ஏதும் வேண்டாமெண்டா சொல்லுங்கோ, வெட்டிவிடுவம்." யாரிடம் போனாலும் இதே கதைதான். ஆனையிறவு உப்பளத்தில் கொளுத்தும் வெயிலில் பெண்கள் வரிசையாக நின்று தங்கள் குரலைக் கேட்டுச் சிரித்தார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் ஓர் அமைச்சரின் செயலாளர் வந்து, அவரின் பேட்டியை ஒலிபரப்ப முன்னம் கேட்க வேண்டும் என்றபோது மாட்டேன் என்றுவிட்டீர். அவர் போனபிறகு நான் சண்டை பிடித்தேன். "மரக்கறிக்காரிக்குப் போட்டுக் காட்டுறீர், அமைச்சருக்குக் காட்டினா என்ன குறைஞ்சு போகும்?"

தேத்தண்ணியை ஊதிக்கொண்டு சொன்னீர்: "அமைச்சர் வாய் தவறினா நாளைக்கே மறுப்பு அறிக்கை விடுவார். அந்த மனுசி எங்க போய் மறுப்பு விடுறது?"

எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது.

உரம் சரியாக வராத அந்த நெற்போகத்தில் கனகராயன்குளத்துக்கு அங்கால் ஓர் அம்மாவிடம் போனோம். ஊரையும் பெயரையும் இங்கேயும் எழுதமாட்டேன். மலையகத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம், மூன்று ஏக்கர் வயல். வந்த கொஞ்ச உரம் எந்தெந்த வீட்டுக்குப் போனது, பட்டியல் எழுதியவர் யார் என்று பெயரோடு சொல்லிவிட்டார். திருப்பிப் போட்டுக் காட்டியதும் முகம் மாறியது.

"அந்தப் பேர் சொன்ன எடத்த மட்டும் எடுத்துருங்க தம்பி. நாளைக்கு நான் அந்த ஆள்கிட்டதானே போய் நிக்கணும்?"

எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று ஒரு துண்டில் எழுதி என்னிடம் தந்தீர். நான் வெட்டவில்லை.

மறந்து போகவில்லை, வேண்டுமென்றுதான். அந்த ஞாயிறு நீர் கொழும்பில் நின்றீர், கேட்டுச் சரிபார்க்க ஆள் இல்லை. அதுதான் செய்தி, மற்றதெல்லாம் புலம்பல் என்று நினைத்தேன். வாயில் கொழுக்கட்டை வைத்திருந்த சனத்தில் ஒருவர் வாய் திறந்திருக்கிறார், இந்த மனுசன் பயந்து அதை மூடுகிறார் என்று நினைத்தேன். பெரிய வீராங்கனை நான்! வயல் என்னுடையதில்லையே.

அடுத்த உரப் பட்டியலில் அந்த அம்மாவின் பெயர் இல்லை. நாம் போனபோது பயிர் மஞ்சளடித்து நின்றது.

"ஒங்கள நம்பித்தானே தம்பி சொன்னேன்?" என்றார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

நீர் என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. "பிழை என்னிலதான், அம்மா," என்றீர். நான் வரம்பில் மரம் மாதிரி நின்றேன்.

அடுத்த ஞாயிறு நிகழ்ச்சி தொடங்கியதுமே, கொடுத்த வாக்கை மீறி ஒருவரின் பேச்சை ஒலிபரப்பிவிட்டேன் என்று நேரலையில் மன்னிப்புக் கேட்டீர். நிர்வாகத்துக்குப் பொறுக்கவில்லை. பிழையை இப்படி ஒத்துக்கொண்டால் நிலையத்தின் மானம் என்னாவது என்றார்கள். மாதம் முடிய முன்னம் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். நாட்டின் வரவு செலவைச் சனத்துக்கு விளங்கப்படுத்திய குரல் அதற்குப் பிறகு மரண அறிவித்தல் வாசித்தது. அதையும் ஒரு பெயர் பிசகாமல் வாசித்தீர். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எழும்பிப் போய் நிர்வாகத்திடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சிறுநீரகம் பழுதாகி நீர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லத்தான் வந்தேன். "அந்தத் துண்டு..." என்று தொடங்கினேன்.

"எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீரோ? நான் எழுதித் தந்த துண்டல்லோ," என்றீர். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீர் சொல்லவேண்டிய ஆள் நானில்லை," என்றீர். பிறகு யன்னல் பக்கம் திரும்பிவிட்டீர். கோபமோ, களைப்போ, இன்றுவரை எனக்குத் தெரியாது. பத்து நாளில் உமது மரண அறிவித்தலை எழுதினேன். வாசிக்க என்னால் ஏலவில்லை. வேறொருவர் வாசித்தார், உமது ஊர்ப் பெயரைப் பிழையாக.

போன புதன்கிழமை அந்த அம்மாவிடம் போனேன். நெல் காயவிட்டுக்கொண்டிருந்தார். "வெட்டாமல் விட்டது நான்தான், அவரில்லை," என்றேன். காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே இருந்தார்.

"அந்தத் தம்பி அதுக்கப்புறம் ஒவ்வொரு போகமும் வந்துச்சு. ஒரு நாள்கூட ஒன் பேரச் சொல்லல," என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இருக்கக் கதிரையும் போடவில்லை. அது நியாயம்தான்.

நடந்ததை என் குரலில் பதிந்து கொண்டு போயிருந்தேன். உமது ஞாயிறு நேரத்தில் இப்போது பாட்டுத்தான் போகிறது, அதில் ஐந்து நிமிடம் எடுக்கப் போகிறேன். ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"என் ஊர எடுத்துரு. ஒன் பேரு இருக்கட்டும்."

வந்த கையோடு ஊரை வெட்டினேன். ஞாயிற்றுக்குப் பிறகு எனக்கு இங்கே வேலை இருக்குமோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது, உம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அன்று அந்த வயலில் நின்று "பிழை என்னிலதான்" என்றீரே, அந்த இரண்டு சொல்லையும் நீர் எனக்குத் திருப்பித் தந்துவிடும். அவை என்னுடையவை.