திரியாத செரிக்காயா

நேற்று உன் தங்கை என் கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். போன மாதம், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டும் செரிக்காயா இனிப்பை நிரப்பித் தரச் சொல்லி உன்னிடம் விட்டுவந்தது. கழுவித்தான் இருந்தாள், ஆனாலும் மூடியைத் திறந்ததும் நீ அதில் போடும் பாண்டான் இலை வாசம் வந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். ஆத்திரம்தான் வந்தது. நீ செத்துப் பதினெட்டு நாள்தான் ஆகிறது, இருந்தாலும் சொல்கிறேன்: நீ செய்தது அநியாயம்.

காஜா பேராங்கில் நம் வீடுகளுக்கு நடுவே ஒரு வேலிதான். தலைமுறை தலைமுறையாக இந்த ஊரிலேயே ஊறிப்போன செட்டி வீட்டுப் பெண்ணான உனக்கு மலாய்தான் பேச்சு. தமிழில் நாலு வார்த்தை தேறாது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு, நீ கிண்டிய செரிக்காயாவை அம்மா ஆப்பத்தின் மேல் ஊற்றிப் பரிமாறினாள். மாமியாராக வரப்போகிறவர் விரலை நக்கிக்கொண்டே, "யாரு செஞ்சது?" என்றார். கதவோரம் நின்றிருந்த நீ, என்றைக்கும் இல்லாத சுத்தத் தமிழில், "இவதான் செஞ்சா" என்றாய். யார் உன்னைக் கேட்டது?

கல்யாணமாகித் தெங்கேராவுக்குப் போனேன். வாரம் தவறாமல் அத்தை செரிக்காயா கேட்டார். எனக்கோ வெந்நீர் வைக்கத்தான் தெரியும். வேறு யாரிடமாவது கேட்டால் குட்டு உடைந்துவிடும். உன்னிடம் கேட்டேன். தேங்காய்ப்பால் கொதித்ததும் முட்டையை ஊற்றச் சொன்னாய். ஒவ்வொரு முறையும் திரிந்து முட்டைப் பொரியலாகத்தான் வந்தது. மெர்டேக்கா அன்று, சுதந்திரம் வந்ததைக் கொண்டாட ஊரே திடலுக்குப் போக, நான் ஆறு முட்டையைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி உன்னிடம் ஓடிவந்தேன். நீ சிரித்தாய். என் அடுப்பில் நெருப்பு அதிகமாம். புட்டியை நிரப்பி, கோப்பி கலக்கிக் கொடுத்து, சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தாய்.

ஏழு வருஷம் என் கைக்கு ராசியில்லை என்று நானே நம்பி, புட்டியைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்துகொண்டிருந்தேன்.

நேற்றுத்தான் உன் தங்கை சொன்னாள். முட்டையையும் சீனியையும் ஆறின பாலில் கரைத்து, வடிகட்டி, கொதிக்கும் தண்ணீர்ச் சட்டியின் மேல் வைத்துக் கிண்ட வேண்டுமாம். எனக்கு மட்டும் ஏன் மாற்றிச் சொன்னாள் என்று கத்தினேன். நீ சொன்னதை அப்படியே சொன்னாள்: "கலாவ் டியா தாவ், டியா தா டாத்தாங் லாகி." தெரிந்துவிட்டால் அப்புறம் இவள் வரமாட்டாள்.

பாவி, கூப்பிட்டிருந்தால் சும்மாவே வந்திருப்பேனே.

இன்று காலை நானே கிண்டினேன். திரியவில்லை. அத்தை ஆப்பத்தில் தொட்டு ஒரு வாய் தின்றார். "என்னம்மா, ஒன் கைப்பக்குவம் மாறிப்போச்சே" என்றார்.

"ஆமாத்த, மாறிப்போச்சு" என்றேன். உன் பொய்யை இன்னும் நான்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.